டாகி பேக்: நாய் பெயரில் ஒரு பொட்டலம்

போன மாதம் குடும்பத்தோடு வெளியே சாப்பிடப் போயிருந்தோம். ஐந்து பேர். பசியில் ஏழு பேருக்கு ஆர்டர் கொடுத்துவிட்டோம். கடைசியில் அரைக் கிண்ணம் மட்டன் பிரியாணி, இரண்டு பட்டர் நான், கையே வைக்காத ஒரு கிண்ணம் சிக்கன் சுக்கா மேசையில் மிஞ்சிக் கிடந்தன. சர்வர் தட்டுகளை அடுக்க ஆரம்பித்ததும் மாமா குரலைத் தாழ்த்தினார். "தம்பி, அந்தப் பிரியாணிய மட்டும் கட்டிக் குடுத்துருங்க. வீட்ல நாய் இருக்கு."

மாமா வீட்டில் நாய் கிடையாது. தெரு நாய் வாசலில் படுத்தாலே விரட்டுகிறவர்.

அந்தச் சின்னப் பொய்க்கு ஆங்கிலத்தில் பெயரே வைத்திருக்கிறார்கள்: டாகி பேக். உணவகத்தில் சாப்பிட்டு மிஞ்சியதை வீட்டுக்கு எடுத்துப் போகும் பை. ‘நாய்ப் பை’ என்று சொல்லுக்குச் சொல் தமிழில் வைத்தால், யாரும் அதைக் கையில் வாங்க மாட்டார்கள்.

சொல் பிறந்த இடம் அமெரிக்கா. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அங்கே இறைச்சிக்கு ரேஷன் வந்தது. மனிதனுக்கே அளந்து கொடுக்கும்போது வீட்டு நாய்க்கு எலும்பு எங்கிருந்து கிடைக்கும்? 1943-இல் சான் பிரான்சிஸ்கோ உணவகங்கள் சில, ‘பெட் பாக்கிட்’ என்ற பெயரில் அட்டைப் பெட்டி கொடுக்க ஆரம்பித்தன. வாடிக்கையாளர் கேட்டால் மிச்ச எலும்பையும் கறியையும் அதில் போட்டுத் தருவார்கள். சியாட்டில் நகரத்தில் மெழுகுத்தாள் பை; அதன் மேல் ‘போன்ஸ் ஃபார் பௌசர்’ என்று எழுதியிருக்கும். நம் ஊரில் மணி, டைகர் மாதிரி அங்கே நாய்க்கு வைக்கிற பெயர் பௌசர். ‘மணிக்கு எலும்பு’ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதுவரை நாயின் கதை உண்மைதான். போர் முடிந்த பிறகும் பை மட்டும் நிற்கவில்லை. சிகாகோவின் பேக்கிராஃப்ட் என்ற நிறுவனம் எண்ணெய் கசியாத பூச்சு போட்ட பைகளைச் செய்தது. நாய்ப் படம் அச்சிட்ட பைகள் நாடெங்கும் போயின. நாயே வளர்க்காதவர்களும் கூச்சமில்லாமல் கேட்டு வாங்கினார்கள். 1960-களில்கூட, மேசை நாகரிகம் பற்றிப் பத்தி எழுதியவர்கள், எலும்பை நாய்க்கு எடுத்துப் போங்கள், கறியை உங்களுக்கென்று எடுத்துப் போகாதீர்கள் என்று கடிந்துகொண்டார்கள். யார் கேட்டது? இன்றைக்கு அமெரிக்காவில் நாயை இழுக்க வேண்டிய தேவையே இல்லை. ‘ஒரு பாக்ஸ் கொடுங்கள்’ என்றால் போதும், பெட்டி வந்துவிடும்.

மிச்சத்தைக் கேட்க வெட்கப்படுவது அமெரிக்கருக்கு மட்டும் உரியதல்ல. பிரெஞ்சுக்காரர்களுக்கு நாய் என்ற சொல்லே தொண்டையில் சிக்கியது. 2014 வாக்கில் ‘கூர்மே பேக்’ என்று, ருசி அறிந்து சாப்பிடுகிறவரின் பெயரில் ஒரு சொல்லைப் புழக்கத்தில் விடப் பார்த்தார்கள். 2021 ஜூலை 1 முதல், கேட்கிறவருக்கு உணவகம் பெட்டி கொடுத்தாக வேண்டும் என்று அங்கே சட்டமே இருக்கிறது. ஜப்பானியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2020-இல் போட்டி வைத்துப் புதுப்பெயர் தேடியது, ‘மொத்தெகோ’ தேர்வானது. ‘எடுத்துக்கொண்டு போவோம்’ என்ற ஜப்பானியச் சொல்லும், சுற்றுச்சூழலைக் குறிக்கும் ‘எக்கோ’வும் கலந்தது. நாய் இல்லை, வெட்கமும் இல்லை. சீனர்களுக்கு இந்தச் சிக்கலே வரவில்லை. ‘தாபாவ்’, அதாவது கட்டிக் கொடு. அந்தச் சொல்தான் கப்பலேறி வந்து, மலேசியத் தமிழர் வாயில் ‘தப்பாவ் பண்ணிரு’ என்று புழங்குகிறது.

நம்மிடம் இருப்பது பார்சல்.

ஆங்கில ‘பார்சல்’ பழைய பிரெஞ்சு வழியாக லத்தீனிலிருந்து வந்தது. மூலப்பொருள் சிறு பகுதி, துண்டு. நிலத்துண்டை ஆங்கிலத்தில் இன்னும் பார்சல் என்றே சொல்கிறார்கள். தபாலில் வரும் கட்டு என்ற பொருள் பின்னால் ஒட்டியது. நாம் அதைத் தபால் ஆபீசிலிருந்து நேராக ஓட்டலுக்குக் கூட்டிவந்து, ‘சாப்பிடுறதா, பார்சலா?’ என்று ஒரு கேள்வியாகவே ஆக்கிவிட்டோம். வேறு எந்த நாட்டு ஆங்கிலத்திலும் அந்தச் சொல் இவ்வளவு சாம்பார் வாசனையோடு இருக்காது.

பார்சல் கட்டுகிற இடத்தில் ஒரு நிமிடம் நின்று பார்த்திருக்கிறீர்களா? செய்தித்தாள், அதன் மேல் இலைத் துண்டு, இலை நடுவில் சோறு. நான்கு பக்கமும் மடித்து, மேலே தொங்கும் நூல்கண்டிலிருந்து நூலை இழுத்து, குறுக்கே ஒன்று நெடுக்கே ஒன்று சுற்றி, விரலில் மாட்டி ஒரு வெட்டு. முடிச்சு எப்போது விழுந்தது என்றே தெரியாது. 2019 ஜனவரி 1-இல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் தாளுக்கும் பைக்கும் தடை வந்த நாட்களில் பலருக்கும் தூக்குவாளி நினைவு வந்தது. வந்த வேகத்திலேயே மறந்தும் போனது.

ஆனால் பார்சலில் ஒரு குறை உண்டு. புதிதாக வாங்கிப் போகும் நான்கு இட்லியும் பார்சல், தின்று மிஞ்சிய பிரியாணியும் பார்சல். ‘டாகி பேக்’ என்ற சொல் பிரித்துக் காட்டுவதை இது காட்டவில்லை. மிஞ்சியது என்று சொல்லப் போனால் நம் நாக்கில் முதலில் வருவது ‘எச்சில்’. அதுவே மாமாவின் குரலைத் தாழ்த்த வைத்தது என்பது என் எண்ணம்.

ஆங்கிலத்தில் தட்டில் கிடப்பதும் சட்டியில் கிடப்பதும் ஒரே சொல். தமிழில் இரண்டு. எஞ்சுவதிலிருந்து எச்சம், எச்சில். மிஞ்சுவதிலிருந்து மிச்சம், மிச்சில். இரண்டுக்கும் பொருள் மீந்தது என்பதுதான். எச்சத்துக்கு ஒரு காலத்தில் நல்ல மரியாதைகூட இருந்தது. தக்கார் தகவிலர் என்பதை ‘அவரவர் எச்சத்தால்’ காணலாம் என்ற குறளுக்கு, அவர் விட்டுப்போன புகழ் என்றும் பிள்ளைகள் என்றும் உரை சொன்னார்கள். எச்சில் மட்டும் வாய்நீரோடு ஒட்டி, கைபட்ட இலையோடு ஒட்டி, தீட்டுச் சொல்லாகி, கடைசியில் வசைச்சொல்லாகவும் போய்விட்டது.

மிச்சிலுக்கு அந்தக் கதி வரவில்லை.

‘வித்தும் இடல்வேண்டும் கொல்லோ விருந்தோம்பி
மிச்சில் மிசைவான் புலம்’

விருந்தினருக்குப் போட்டுவிட்டு மீந்ததை உண்கிறவனுடைய நிலத்துக்கு விதைகூட வேண்டுமா என்கிறார் வள்ளுவர். மிச்சத்தைத் தின்பதற்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் எந்த மொழியில் இருக்கிறது என்று தெரியவில்லை. கிண்ணத்தில் கரண்டியால் எடுத்தது போக இருப்பது மிச்சில். நம் தட்டில் பிசைந்து வைத்தது எச்சில். சர்வர்களுக்கு இந்த இலக்கணம் நன்றாகவே தெரியும். அன்றைக்கு எங்கள் சர்வர் தட்டைத் தொடாமல் பிரியாணிக் கிண்ணத்தை மட்டும் தூக்கி, "இதுல கை படலைல்ல சார்?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே போனார்.

இனி பைக்கு ஒரு சொல் வேண்டும். பொட்டலம் கேட்டவுடன் புரியும், தெலுங்கிலும் பொட்லம்தான். ஆனால் அதைக் கேட்டால் கடலையும் விபூதியும் நினைவுக்கு வருகின்றன. கட்டுச்சோறு அழகான சொல், ஆனால் அது போகிற வழிக்காகப் புதிதாகக் கட்டுவது. கல்யாண வீட்டுக் கட்டுச்சாதக் கூடையும் அந்த வகை. நாலடியாரின் ‘தோட்கோப்பு’, பழமொழி நானூற்றின் ‘ஆற்றுணா’ எல்லாமே வழிநடை உணவுதான். பழந்தமிழில் பயணச் சோற்றுக்கு இத்தனை பெயர் இருப்பதைப் பார்த்தால், நம் ஆட்கள் நிறைய நடந்திருக்கிறார்கள்.

எனக்குப் பிடித்தது பொதி. பொதிதல் என்றால் உள்ளே வைத்து மூடுதல். திருக்குருகாவூரில் பசியோடு வந்த சுந்தரருக்கு இறைவன் தந்தது பொதிசோறு. மலையாளிகள் வாட்டிய வாழையிலையில் கட்டுவது இன்றும் பொதிச்சோறு. தமிழ்நாட்டில் பொதி என்றால் கழுதை முதுகுதான் ஞாபகம் வரும்; இலங்கைத் தமிழ்ப் பத்திரிகையைத் திறந்தால் ‘உணவுப் பொதி’, ‘உலர் உணவுப் பொதி’ என்று சொல் உயிரோடு நடமாடுகிறது.

ஆகவே எழுத்தில் ‘மிச்சில் பொதி’ என்று எழுதலாம். குறளில் பாதி, யாழ்ப்பாணத்துப் பேப்பரில் பாதி. ஓட்டலில் உட்கார்ந்து இதைச் சொன்னால் சர்வர் மேனேஜரைக் கூப்பிடுவார். அங்கே ‘மிச்சத்தக் கட்டிருங்க’ போதும். அதிலும் மிச்சில் பாதி ஒளிந்திருக்கிறது.

மறுநாள் காலை மாமாவுக்குப் போன் போட்டேன். வாயில் ஏதோ இருந்தது. பின்னால் அத்தை வெங்காயம் நறுக்கும் சத்தம்.

"என்ன மாமா, நாய்க்கு வச்சாச்சா?"

"வச்சாச்சு. சூடு பண்ணிக் குடுத்தா நல்லாத்தான் திங்குது" என்றார்.