45 நாளுக்குள் பதிவேட்டில் ஒரு வரி: செனகலில் பிறப்புப் பதிவு

மேற்கு ஆப்பிரிக்க நாடான செனகலில் குழந்தை பிறந்து ஒரு வாரம் ஆன பிறகுதான் பெயர் வைப்பார்கள். வோலோஃப் மொழியில் அந்தச் சடங்குக்கு ங்கெந்தே என்று பெயர். ஆடு அறுத்து, உறவுகளைக் கூட்டி, குழந்தையின் காதில் பெயரைச் சொல்வார்கள். அன்றைக்கு ஊருக்கே அந்தப் பெயர் தெரிந்துவிடும். அரசாங்கத்துக்கு மட்டும் தெரியாது.

பதிவு தவறிப்போவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான். தாய் பிரசவ விடுதியிலிருந்து வீடு திரும்பும்போது குழந்தைக்கு இன்னும் பெயர் இல்லை. பெயர் வைத்த பிறகு யாராவது ஒருவர் பதிவு மையம் வரை போய் வர வேண்டும். மையம் தொலைவில் இருக்கும், வண்டிக்குக் காசு வேண்டும், அது விதைப்புக் காலமாகவும் இருக்கும். அடுத்த வாரம் போகலாம் என்று தள்ளிப்போட்டே வருடம் ஓடிவிடுகிறது.

யூனிசெஃப் 2024இல் வெளியிட்ட கணக்குப்படி உலகில் 5 வயதுக்குட்பட்ட சுமார் 15 கோடிக் குழந்தைகளின் பிறப்பு எங்கும் பதிவாகவில்லை. அவர்களில் பாதிக்கு மேல் சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவில் இருக்கிறார்கள். ஆனாலும் அந்தப் பகுதியில் அதற்கு முந்தைய 15 ஆண்டுகளில் அதிகம் முன்னேறியது மேற்கு ஆப்பிரிக்காதான். அந்தக் கணக்கில் அங்கே நூற்றுக்கு 63 குழந்தைகள் பதிவேட்டில் இருக்கிறார்கள். மீதி 37 பேருக்காகத்தான் இந்தப் பாடெல்லாம்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? செனகலின் குடும்பச் சட்டம் 1972இல் வந்தது. குழந்தை பிறந்த ஒரு மாதத்துக்குள் பெற்றோர் பதிவு செய்ய வேண்டும். அவர்கள் தவறினால் அடுத்த 15 நாளுக்குள் அந்தக் கிராமத்தின் தலைவரோ நகர்ப்பகுதியின் தலைவரோ தெரிவிக்க வேண்டும். ஆக மொத்தம் 45 நாள். இந்தக் கெடுவுக்குள் பதிந்தால் கட்டணம் கிடையாது. குழந்தை எந்த ஊரில் பிறந்ததோ அந்த ஊருக்கான மையத்தில்தான் பதிய வேண்டும். பிரசவத்துக்காகத் தாய் வேறு ஊருக்குப் போயிருந்தால் இதை முன்கூட்டியே யோசித்து வைப்பது நல்லது, ஏனென்றால் வீடு திரும்பிய பிறகு அந்த ஊருக்கு மறுபடி பயணம் போக வேண்டியிருக்கும்.

யார் போய்ப் பதியலாம் என்பதில் நிறையப் பேருக்குத் தவறான எண்ணம் இருக்கிறது. தகப்பன்தான் போக வேண்டும் என்று நினைத்து, வெளியூரில் வேலை செய்யும் கணவர் வரட்டும் என்று காத்திருக்கும் தாய்மார்கள் உண்டு. அப்படிக் காத்திருக்கத் தேவையே இல்லை. அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி, நெருங்கிய உறவினர், மருத்துவர், மருத்துவச்சி, பிரசவத்தின்போது கூட இருந்தவர் என யார் வேண்டுமானாலும் தெரிவிக்கலாம். மணமாகாத தாயும் தானே போய்ப் பதியலாம். குழந்தைக்கு அப்பா யார் என்ற கேள்விக்குப் பயந்து பதியாமல் விட்டுவிட்டால், அதன் சுமை முழுவதும் குழந்தையின் தலையில்தான் விழும்.

இன்னொரு குழப்பம் தாளைப் பற்றியது. பிரசவம் நடந்த இடத்தில் கொடுக்கும் சீட்டு, இந்தத் தேதியில் இங்கே பிரசவம் நடந்தது என்பதற்கு மட்டுமே சாட்சி. தடுப்பூசி அட்டையும் அப்படித்தான். அவை பிறப்புச் சான்றிதழ் ஆகாது. அந்தச் சீட்டை மையத்துக்குக் கொண்டுபோய்ப் பதிவேட்டில் ஏற்றினால்தான் குழந்தைக்கு ஒரு பதிவு எண் கிடைக்கும். பிறகு எந்தக் காலத்தில் சான்றிதழின் நகல் கேட்டாலும் அந்த எண்ணை வைத்துத்தான் எடுத்துத் தருவார்கள். அதனால் எண்ணும் ஆண்டும் மையத்தின் பெயரும் வீட்டில் எங்காவது எழுதி வைக்கப்பட்டிருக்க வேண்டும்.

45 நாள் தாண்டிவிட்டால்? ஒரு வயது நிறையும் வரை மையத்திலேயே தாமதப் பதிவு செய்துகொள்ளலாம். மருத்துவரோ மருத்துவச்சியோ தந்த சான்று வேண்டும், அல்லது இரண்டு சாட்சிகள் வேண்டும். ஒரு வயதும் தாண்டிவிட்டால் விஷயம் நீதிமன்றத்துக்குப் போய்விடும். முதலில் இந்தக் குழந்தை பதிவேட்டில் இல்லை என்று மையத்திடமிருந்து எழுத்தில் வாங்க வேண்டும். அப்புறம் சாட்சிகளோடு நீதிபதி முன் நின்று, பதியலாம் என்ற தீர்ப்பைப் பெற வேண்டும். அதைத் திரும்ப மையத்துக்குக் கொண்டுவந்து பதிவேட்டில் ஏற்றவும் வேண்டும். இந்தக் கடைசிப் படியை மறந்துவிட்டு, தீர்ப்புத் தாளையே சான்றிதழ் என்று பெட்டியில் பூட்டி வைப்பவர்களும் இருக்கிறார்கள். ஒரு காசு செலவில்லாமல் முடிந்திருக்க வேண்டிய வேலைக்கு நாள் கணக்கில் அலைச்சல்.

இந்த விடுபடல் எப்போது வெளியே தெரியும் என்றால், பெரும்பாலும் தொடக்கப் பள்ளியின் கடைசி வகுப்பில். சான்றிதழ் இல்லாமலே முதல் வகுப்பில் சேர்த்துக்கொள்வார்கள். ஆனால் தொடக்கக் கல்வி முடிக்கும் பொதுத் தேர்வுக்குப் பெயர் அனுப்பும்போது தலைமையாசிரியர் தாளைக் கேட்பார். அந்த அவசரத்தில் சில குடும்பங்கள் அண்ணனுடைய சான்றிதழையோ இறந்துபோன குழந்தையின் சான்றிதழையோ கொடுத்துவிடுகின்றன. அன்றிலிருந்து அந்தப் பிள்ளை வேறொருவரின் பெயரிலும் வயதிலும் வாழ வேண்டியதுதான். பெண் குழந்தைகளுக்கு இன்னொரு ஆபத்து உண்டு. வயதுக்கு ஆதாரம் இல்லாத சிறுமியைக் கல்யாணம் செய்து கொடுக்கும்போது, அவள் இன்னும் சிறுமி என்று எதை வைத்து நிரூபிப்பது?

இதை மாற்ற நடக்கும் வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது பஜெனு கோக் என்கிற பெண்களுடைய வேலை. வோலோஃபில் பஜென் என்றால் அப்பாவின் உடன்பிறந்தவள், கோக் என்றால் குடியிருப்புப் பகுதி. நம் வாயில் சொன்னால் ஊரத்தை. அதே தெருவில் வாழும், மதிப்புள்ள பெரிய பெண்கள். கர்ப்பிணிகளைப் பரிசோதனைக்கு அழைத்துப் போவது இவர்களுடைய முதல் வேலை. பிரசவத்துக்குப் பிறகு வீட்டுக்குப் போய்த் தடுப்பூசி போட்டாயிற்றா, பெயரைப் பதிந்தாயிற்றா என்று கேட்கவும் இவர்களால் முடியும். அலுவலர் கேட்டால் மழுப்பும் குடும்பம், அத்தை கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

தடுப்பூசி நாளும் நல்ல வாய்ப்பு. ஆறு நோய்களுக்கான ஊசியின் முதல் தவணை ஆறாவது வாரத்தில், அதாவது 42ஆம் நாள். பதிவுக் கெடு முடிய இன்னும் மூன்று நாள் இருக்கிறது. அன்றைக்கு ஊசி போடும் இடத்திலேயே பதிவேட்டோடு ஒருவர் உட்கார்ந்திருந்தால் தாய்க்குத் தனி நடை மிச்சம். ஒரு வயது கடந்த பிள்ளைகளுக்கு நடமாடும் நீதிமன்றம் இருக்கிறது. நீதிபதியும் எழுத்தரும் கிராமத்துக்கே வந்து, ஒரே நாளில் பல குடும்பங்களின் சாட்சிகளைக் கேட்டுத் தீர்ப்புத் தருவார்கள்.

மேற்கு ஆப்பிரிக்காவின் மற்ற நாடுகளில் விதி வேறு. கானாவில் ஒரு வயதுக்குள் பதிந்தால் இலவசம். கைக்கணினியில் பதியும் முறையை 2016இல் அங்கே கொண்டுவந்தார்கள். நைஜீரியாவில் தேசிய மக்கள்தொகை ஆணையம் 18 வயதுக்குட்பட்ட எல்லாருக்கும் கட்டணமின்றிப் பதிகிறது. ஐவரி கோஸ்ட்டில் கெடு மூன்று மாதம். அங்கே 2002இல் மூண்ட உள்நாட்டுப் போரின் வேர்களில் ஒன்றே, யார் இந்நாட்டவர், யாரிடம் தாள் இருக்கிறது என்ற சண்டைதான். 2007 மார்ச்சில் புர்கினா ஃபாசோவின் தலைநகர் வாகடூகுவில் சமாதானம் பேசியபோது, தாள் இல்லாதவர்களுக்குப் பிறப்பை உறுதிசெய்யும் நடமாடும் நீதிமன்றங்களும் ஒப்பந்தத்தில் இடம்பெற்றன.

செனகலில் இன்னும் கை எட்டாத பிள்ளைகள் என்றால், தாரா எனப்படும் குர்ஆன் பள்ளிகளில் பெற்றோரை விட்டுத் தங்கிப் படிப்பவர்கள்தான். பலர் பக்கத்து நாடுகளிலிருந்தும் வந்தவர்கள். பிறந்த ஊர் ஒரு பக்கம், சாட்சி சொல்லக்கூடியவர்கள் இன்னொரு பக்கம். இவர்களுக்காக நடமாடும் நீதிமன்றம் நடத்த வேண்டுமென்றால், முதலில் ஒவ்வொரு பிள்ளையின் ஊரையும் கேட்டறிந்து, பெற்றோரையோ உறவினரையோ தேடிப்பிடிக்க வேண்டும்.