மூணாவது பிரசவம்னாலும் கவர்மெண்ட் ஆஸ்பத்திரில இலவசம்தான்

"ரெண்டுக்கு மேல போனா கவர்மெண்ட்ல ஒண்ணும் கிடையாதாம்க்கா"ன்னு சொல்லிக்கிட்டு வயிறு தெரியற மாசம் வரைக்கும் ஒரு செக்கப்புக்குக்கூட போகாம வீட்டு வேலைக்கு ஓடிட்டிருக்கற பொண்ணுங்க நம்ம குடிசைப் பகுதிகள்ல இன்னும் இருக்காங்க. ரெண்டு வேற வேற விஷயம் இங்க குழம்பிப் போச்சு. கைக்கு வர்ற பணம் ஒண்ணு, ஆஸ்பத்திரில காசு வாங்காம பாக்கறது இன்னொண்ணு. கண்டிஷன் எல்லாம் பணத்துக்குத்தான்.

பணம்னா தமிழ்நாட்டுல முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி. மொத்தம் 18,000 ரூபாய்னு சொல்வாங்க, அதுல 14,000 தவணை தவணையா பேங்க்ல ஏறும், மீதி 4,000-க்கு நெய், பேரீச்சம்பழம், இரும்புச்சத்து டானிக் எல்லாம் வச்சு ரெண்டு ஊட்டச்சத்துப் பெட்டகம். இதுக்கு 19 வயசு ஆகியிருக்கணும், முதல் ரெண்டு பிரசவமா இருக்கணும், 12 வாரத்துக்குள்ள கர்ப்பத்தப் பதிஞ்சிருக்கணும். அக்கவுண்ட் அந்தப் பொண்ணு பேர்லயே இருக்கணும், வீட்டுக்காரர் அக்கவுண்ட் செல்லாது (அதுவும் நல்லதுக்குத்தான்!).

இலவச சிகிச்சை அப்படி இல்ல. 2011-ல மத்திய அரசு கொண்டுவந்த ஜனனி சிசு சுரக்ஷா காரியக்ரம், ஆஸ்பத்திரில ஜே.எஸ்.எஸ்.கே.ன்னு சொல்வாங்க. அரசு ஆஸ்பத்திரிக்குப் பிரசவத்துக்கு வர்ற எல்லாருக்கும் இது உண்டு, எத்தனாவது குழந்தை, என்ன ரேஷன் கார்டு, சொந்த வீடா வாடகையான்னு எதுவும் இதுக்குக் கண்டிஷன் கிடையாது. சுகப்பிரசவமோ சிசேரியனோ காசு இல்ல, மாத்திரை மருந்து, ரத்தம், டெஸ்ட், ஸ்கேன் எதுக்கும் இல்ல, சாப்பாடு சுகப்பிரசவத்துக்கு 3 நாள் வரைக்கும் சிசேரியனுக்கு 7 நாள் வரைக்கும் அவங்களே தரணும். வலி வந்தா கூட்டிட்டுப் போற வண்டி, பெரிய ஆஸ்பத்திரிக்கு மாத்தினா அந்த வண்டி, குழந்தையோட வீட்டுக்குக் கொண்டுவிடற வண்டி மூணும் இதுலயே வந்துடும். பிறந்த குழந்தைக்கு உடம்பு சரியில்லன்னா ஒரு வயசு வரைக்கும் இதே மாதிரி இலவசம். ஆக "இந்த ஊசிய வெளில வாங்கிட்டு வாங்க"ன்னு சீட்டு எழுதிக் குடுத்தா ஏன்னு கேக்கலாம், கேக்கணும். ஆம்பளப் பிள்ளைக்கு இவ்வளவு பொம்பளப் பிள்ளைக்கு இவ்வளவுன்னு வார்டுல கை நீட்டறதும் எந்த ரூல்லயும் இல்ல.

பணம், இலவச சிகிச்சை ரெண்டுக்கும் முதல் வேலை ஒண்ணுதான், பிக்மி நம்பர் போடறது, அதாவது கர்ப்பத்த அரசுகிட்ட பதிஞ்சு வாங்கற நம்பர். 12 இலக்கம். பக்கத்துல இருக்கற நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துல ஏரியா நர்ஸ்கிட்ட நாள் தள்ளிப்போன உடனே சொன்னா போட்டுடுவாங்க. குடிசைய காலி பண்ணி வேற இடத்துக்கு அனுப்பிட்டாலும், பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போனாலும் அதே நம்பர்தான், புதுசா போட வேணாம். பிறப்புச் சான்றிதழுக்கும் இந்த நம்பர கேப்பாங்க, அதனால பணம் வராதுன்னு தெரிஞ்ச மூணாவது கர்ப்பத்துக்கும் போட்டே ஆகணும்.

வலி வந்தா 108. காசு கேட்டாலோ திருப்பி அனுப்பினாலோ 104-க்கு (அரசு சுகாதார உதவி எண்) போன் பண்ணி எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்டு, எத்தனை மணின்னு சொல்லுங்க, சீட்டு எழுதிக் குடுத்திருந்தா அத தூக்கிப் போட்டுடாதீங்க.