இரண்டரை நிமிடத் தண்ணீர்

தீபாவளிக்கு முந்தின வாரம், எங்கள் வரிசையில் ஏழெட்டு வீடு தள்ளி ஒரு பின்கட்டில் முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தார்கள். யாரோ வாசலில் கூப்பிட, அந்த அக்கா அடுப்பைக் குறைக்காமல் எழுந்து போயிருக்கிறார். திரும்பி வந்தபோது சட்டியில் தீ. பதறிப்போன மகள் பக்கத்திலிருந்த குவளைத் தண்ணீரை எடுத்து ஊற்றிவிட்டாள். தீ அப்படியே கூரை வரைக்கும் எழும்பியது. பிள்ளைக்குக் கையில் மட்டும் காயம், அதுவே பெரிய அதிர்ஷ்டம்.

ஆறாவது நிமிடம் எங்கள் தன்னார்வத் தீயணைப்புக் குழுவின் பிக்கப் வந்து நின்றது, அதில் நானும் இருந்தேன். பலகைச் சுவரில் தீ பிடித்திருந்தது. ஒரே ஹோஸில் அணைத்துவிட்டோம். மறுநாள் கடைத்தெருவில் பேசிக்கொண்டார்கள், "சின்னத் தீதானே, பெரிய பொம்பா வந்திருந்தாலும் அணைச்சிருப்பாங்க" என்று. பொம்பா என்றால் இங்கே அரசுத் தீயணைப்புப் படை. அது சின்னத் தீயாக இருந்ததற்குக் காரணமே அந்த ஆறு நிமிடம்தான். அதை விளக்கத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், தெலுக் இந்தான் பக்கம். சுற்றிலும் செம்பனை (எண்ணெய்ப்பனை), நடுவில் ஒரு கடைத்தெரு, தமிழ்ப்பள்ளி, கோயில், அப்புறம் தோட்டத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டி, இன்னும் இடிக்காமல் விட்ட பழைய லயத்து வீடுகள். முழுநேரப் பொம்பா நிலையம் இருக்கும் ஊரிலிருந்து வண்டி வர நல்ல நேரத்திலேயே 25 நிமிடம் ஆகும்.

சரி, 25 நிமிடத்தில் ஒரு தீ என்ன ஆகும்? வீட்டுச் சாமான்களில் பிடிக்கும் தீ நேரத்தின் வர்க்கத்தில் வளரும் என்று பொறியாளர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். நேரம் இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்கு, நேரம் மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. நடுத்தர வேகத்தில் வளரும் தீ, 5 நிமிடத்தில் சுமார் 1 மெகாவாட்டைத் தொடும். 500 மின்கேத்தல்களை ஒரே அறையில் ஒரே நேரத்தில் போட்டால் வரும் வெப்பம் அது. 10 நிமிடத்தில் 4 மெகாவாட், 15 நிமிடத்தில் 9. அறைக்குள் காற்று தீர்ந்துபோனால் வளர்ச்சி தடைப்படும் என்பது உண்மை, ஆனால் பலகை வீட்டில் சன்னல் வெடித்து, சுவர் எரிந்து விழுந்த பிறகு காற்றுக்கு என்ன பஞ்சம்?

இன்னொரு பயங்கரமும் நடுவில் இருக்கிறது. சூடான புகை மேலே போய்க் கூரைக்கடியில் மெத்தை மாதிரிப் படிந்துகொள்ளும். அதன் வெப்பம் ஏற ஏற, கீழே இருக்கும் நாற்காலி, பாய், துணி எல்லாவற்றின் மீதும் அது கதிர்வீச்சாக இறங்கும். புகைப்படலம் 600 டிகிரியை நெருங்கும்போது தரையில் ஒரு சதுர மீட்டருக்கு 20 கிலோவாட் வரை விழும், அதாவது உச்சி வெயிலைப்போல இருபது மடங்கு. அப்போது தீ தொடாத பொருள்களும் ஆவி கக்கி, அறை முழுக்க ஒரே மூச்சில் பற்றிக்கொள்ளும். அதற்கு முன்னால் அது ஒரு மூலையில் எரிகிற தீ, அதற்குப் பிறகு எரிகிற வீடு. லயத்து வீடுகளில் இன்னும் மோசம், ஏனென்றால் வரிசை முழுவதற்கும் கூரை ஒன்றுதான். பல வரிசைகளில் நடுச்சுவர் கூரை வரைக்கும் ஏறியிருக்காது. ஒரு வீட்டுப் புகை அடுத்த வீட்டுக்கு மேலேயே நடந்து போய்விடும்.

இப்போது தண்ணீர்ப் பக்கம் வருவோம். தண்ணீர் தீயை "நனைத்து" அணைக்கிறது என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். அணைக்கிறது நீராவி. 30 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோக ஏறத்தாழ 290 கிலோஜூல் போதும். அதே தண்ணீரை முழுக்க நீராவியாக்க இன்னும் 2,260 கிலோஜூல் வேண்டும், ஏறக்குறைய எட்டு மடங்கு. அந்த வெப்பத்தைத் தண்ணீர் தீயிடமிருந்துதான் பிடுங்குகிறது. தரையில் ஓடி வாசல் வழியாக வெளியே போகிற தண்ணீர் பெரும்பாலும் வேலையே செய்யாமல் போன தண்ணீர்.

எங்கள் பிக்கப்பில் இருப்பது 500 லிட்டர் தொட்டி. ஹோஸ் முனையில் நிமிடத்துக்கு 200 லிட்டர் விட்டால் இரண்டரை நிமிடத்தில் தீர்ந்துவிடும். நொடிக்கு மூன்று லிட்டர் சொச்சம், அவ்வளவும் ஆவியானால் 8 மெகாவாட் வெப்பத்தை இழுக்கும். நடைமுறையில் பாதிகூட ஆவியாகாது, மூன்றில் ஒரு பங்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆக நம் கையில் இருப்பது 3 மெகாவாட்டுக்குக் கொஞ்சம் குறைவான பலம். 5 நிமிடத் தீ 1 மெகாவாட், ஜெயித்துவிடலாம். 10 நிமிடத் தீ 4, திண்டாட்டம். 15 நிமிடத் தீ 9, அதை அணைக்க நம்மால் முடியாது, பக்கத்து வீட்டை நனைத்துக் காப்பாற்றத்தான் முடியும். பொம்பாவின் பெரிய வண்டியில் நம்மைவிடப் பல மடங்கு தண்ணீரும் பலமும் இருக்கிறது, தேர்ந்த ஆட்கள் இருக்கிறார்கள். சீக்கிரம் போகிற சின்ன பம்பு அவர்களுக்குப் போட்டி இல்லை, அவர்கள் வரும்வரை தீயை அவர்கள் அணைக்கக்கூடிய அளவில் பிடித்து வைக்கிற ஏற்பாடு.

முனையை எப்படித் திருப்புகிறோம் என்பதும் இதில் சேர்த்தி. ஒரே தாரையாக அடித்தால் தூரம் போகும். தூவலாக அடித்தால் துளிகள் சிறிதாகும், துளியின் குறுக்களவு பத்தில் ஒன்றானால் அதே தண்ணீருக்கு வெப்பத்தைத் தொடும் பரப்பு பத்து மடங்கு கூடும், ஆவியாகும் வேகமும் கூடும். ஆனால் 1 லிட்டர் தண்ணீர் ஆவியானால் சுமார் 1,700 லிட்டர் இடத்தை அடைக்கும். எங்கள் குழுவில் ஒரு அண்ணன் செம்பனை ஆலையில் பாய்லர் பார்க்கிறவர். புதிதாக வந்த பையன் கதவைத் தள்ளிக்கொண்டு தூவலோடு உள்ளே போகப் பார்த்தபோது சட்டையைப் பிடித்து இழுத்து, "தம்பி, தண்ணி அடிக்கிறதுக்கு முன்னால ஆவி போற வழியப் பாரு" என்றார். எதிரே ஒரு சன்னலாவது திறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த நீராவி நம் மேலேயே திரும்பி வந்து வேகவைத்துவிடும்.

முறுக்குச் சட்டியில் நடந்ததும் இதேதான். எண்ணெய் 300 டிகிரிக்கு மேல் சூடேறித் தானே பற்றிக்கொள்கிறது. ஊற்றிய தண்ணீர் எண்ணெயைவிடக் கனம், அடியில் போய் நொடியில் ஆவியாகிறது. 200 மில்லி தண்ணீர் 340 லிட்டர் ஆவி, அது எண்ணெயைத் துளித் துளியாகக் காற்றில் வீசுகிறது, ஒவ்வொரு துளியும் எரிகிறது. கை எட்டினால் கேஸை அடைத்துவிடுங்கள், பெரிய மூடியை ஓரத்திலிருந்து நகர்த்தி மூடுங்கள், சூடு ஆறும்வரை திறக்காதீர்கள். சட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடவே ஓடாதீர்கள்.

தொட்டி தீர்ந்த பிறகு? அதுதான் எங்கள் வேலையில் பாதி. கடைத்தெருவில் குழாய்த் தண்ணீர் கிடைக்கும், தோட்டத்துக்குள் கிடைக்காது, செம்பனைக்கு வெட்டிய வாய்க்கால்தான் கதி. கையில் தூக்கிப்போகும் பம்பை வாய்க்கால் கரையில் வைத்து, கெட்டியான உறிஞ்சு குழாயைத் தண்ணீரில் இறக்குவோம். பம்பு தண்ணீரை "இழுக்கிறது" என்று சொல்கிறோம், உண்மையில் தண்ணீரை இழுக்க யாராலும் முடியாது. பம்பு குழாய்க்குள் இருக்கும் காற்றை வெளியேற்றுகிறது, வெளியே வாய்க்காலின் மேல் அழுத்திக்கொண்டிருக்கும் வளிமண்டலம் தண்ணீரைக் குழாய்க்குள் தள்ளுகிறது. வளிமண்டலத்தின் பலம் கடல் மட்டத்தில் 10.3 மீட்டர் உயரத் தண்ணீருக்குத்தான் ஈடு. உராய்வு, கசிவு எல்லாம் போக நடைமுறையில் 7 மீட்டர். அதற்கு மேல் கரை உயரமாக இருந்தால் எவ்வளவு விலை உயர்ந்த பம்பும் சும்மா சுழலும், பம்பைத்தான் கீழே இறக்க வேண்டும்.

ஒருமுறை பயிற்சியில் பம்பு ஓடுகிறது, சத்தம் வருகிறது, தண்ணீர் வரவில்லை. பத்து நிமிடம் திணறினோம். கடைசியில் பார்த்தால் குழாய் இணைப்பில் ரப்பர் வாஷர் காய்ந்து வெடித்திருந்தது, தலைமுடி அகலத்துக்கு ஒரு கீறல். அந்தக் கீறல் வழியாகக் காற்று உள்ளே போய்க்கொண்டே இருந்தால் குழாய்க்குள் அழுத்தம் குறையாது, தண்ணீர் ஏறாது. இப்போது பெட்டியில் எப்போதும் நாலு வாஷர் கிடக்கும். இன்னொன்று, வாய்க்காலில் மட்டைச் சருகும் சேறும் நிறைய, வடிகட்டி அடைத்துக்கொள்ளும். வடிகட்டியை ஒரு பழைய மூங்கில் கூடைக்குள் வைத்து, கூடையைக் காலி பிளாஸ்டிக் டின்னில் கட்டி மிதக்கவிடுகிறோம். சேற்றையும் தொடாது, மேலே மிதக்கும் சருகையும் இழுக்காது.

ஹோஸின் தடிமனிலும் கணக்கு இருக்கிறது. அதே அளவு தண்ணீர் போக, 45 மில்லிமீட்டர் ஹோஸில் உராய்வால் இழக்கும் அழுத்தம் 70 மில்லிமீட்டர் ஹோஸைவிட ஏறத்தாழ ஒன்பது மடங்கு. அதனால் வாய்க்காலிலிருந்து வீட்டு வாசல் வரை பெரியது, வாசலிலிருந்து உள்ளே கையில் பிடித்துத் திரும்பக்கூடிய சின்னது.

இந்த நாட்டில் தீயணைப்பு தொடங்கியதே தன்னார்வலர்களிடம் என்பது பலருக்குத் தெரியாது. 1881-இல் கோலாலம்பூரின் அத்தாப்புக் கூரைகள் எரிந்து ஊரே சாம்பலான பிறகு, 1883-இல் சிலாங்கூரில் ஒரு தன்னார்வப் படை அமைத்தார்கள், 15 பேர். மாநிலப் படைகள் எல்லாம் 1976-இல்தான் ஒரே கூட்டரசுத் துறையாகின. 'பொம்பா' என்ற சொல்கூடப் போர்ச்சுகீசிய மொழியில் பம்பு என்றுதான் பொருள்.

எங்கள் கொட்டகையில் பம்புக்குப் பக்கத்திலேயே ஆம்புலன்ஸும் நிற்கிறது. இரண்டையும் ஒரே குழு பார்ப்பது ஆள் பற்றாக்குறையால் மட்டும் இல்லை, இரண்டிலும் எதிரி ஒன்றுதான், நிமிடம். இதயம் நின்றுவிட்டவருக்கு யாரும் நெஞ்சை அழுத்தாவிட்டால், போகிற ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் வரை குறைகிறது. நாலைந்து நிமிடத்தில் மூளை சேதமாகத் தொடங்கும்.

நெஞ்சை அழுத்துவது ஏன் வேலை செய்கிறது? மூச்சு நின்றாலும் ரத்தத்தில் கொஞ்ச நேரத்துக்கு ஆக்ஸிஜன் மிச்சம் இருக்கிறது, ஓட்டம்தான் இல்லை. நெஞ்செலும்பை 5 செண்டிமீட்டர் அமுக்கினால் ரத்தம் வெளியே தள்ளப்படும், அழுத்தத்தை முழுக்க விட்டால் மறுபடி நிரம்பும். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. எவ்வளவு நன்றாகச் செய்தாலும் வழக்கமான ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வராது, ஆனால் மூளையைப் பிடித்து வைக்க அது போதும். இரண்டு நிமிடத்தில் கை சோர்ந்துவிடும், ஆள் மாற்ற வேண்டும். விலா எலும்பு முறியும் சத்தம் கேட்டால் முதல் தடவை யாருக்கும் கை நின்றுவிடும். எனக்கும் நின்றது. நிறுத்தக்கூடாது, எலும்பு கூடிவிடும்.

இதயத்துக்கு அதிர்ச்சி கொடுக்கும் மின்னதிர்ச்சிப் பெட்டியைப் (AED) பற்றியும் ஒரு தப்பான எண்ணம் உண்டு, அது நின்ற இதயத்தை ஓட வைக்கும் என்று. பல நேரங்களில் இதயம் முழுக்க நின்றிருக்காது, தசைநார்கள் ஒவ்வொன்றும் தன்பாட்டுக்குத் துடித்து, மொத்தத்தில் ரத்தம் தள்ளாமல் நடுங்கிக்கொண்டிருக்கும். அதிர்ச்சி அந்த நடுக்கத்தை ஒரே அடியில் அடக்குகிறது, அதன் பிறகு இதயத்தின் சொந்தத் தாளம் எடுத்துக்கொள்ள ஒரு வாய்ப்புக் கிடைக்கிறது. எந்த வகைத் துடிப்பு என்று பெட்டியே பார்த்துச் சொல்லும், தேவையில்லாதவருக்கு அடிக்காது. அதனால் அதன் பட்டைகளை எடுத்து நெஞ்சில் ஒட்டப் பயப்படாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் முதலில் 999-ஐக் கூப்பிடுங்கள். கூப்பிடும்போது எங்கே என்று சொல்லத் தெரிய வேண்டும். செம்பனைக் குலை வெட்டும் இடத்துக்குத் தெருப்பெயர் கிடையாது, தோட்டத்துக்குப் பிளாக் எண்தான் முகவரி. குலை வெட்டும் அலுமினியக் கம்பு மின்கம்பியில் பட்டு ஒருவர் விழுந்தார் என்றால், எந்த பிளாக், எந்த கேட் பூட்டியிருக்கும், எந்த மரப்பாலம் ஆம்புலன்ஸைத் தாங்காது, இதெல்லாம் இங்கே வளர்ந்தவர்களுக்கு மனப்பாடம். உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு வீட்டெண்ணோடு பிளாக் எண்ணையும் சொல்லிக்கொடுங்கள்.

அன்றைக்கு முறுக்கு வீட்டிலிருந்து திரும்பும்போது இரவு பத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்த அக்கா சுட்டு முடித்திருந்த முதல் ஈடு முறுக்கை ஒரு மைலோ டின்னில் போட்டு எங்கள் கையில் திணித்தார். கொட்டகைக்குப் போனதும் ஹோஸைக் கழுவி வேலியில் தொங்கவிட்டோம், வாஷர்களைத் தடவிப் பார்த்தோம். ஒருவரும் வீட்டுக்குக் கிளம்பவில்லை. குழாயில் தண்ணீர் மெல்லத்தான் வந்தது, 500 லிட்டர் நிரம்ப முக்கால் மணி நேரம் ஆனது.