தவணையை வாடகை தாங்குமா?

வாடகைக்கு விடும் நோக்கத்தோடு வீடு வாங்க நினைத்து என்னிடம் கடன் ஆலோசனைக்கு வருபவர்களில் பெரும்பாலோர், எங்கே வட்டி குறைவு என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அதற்கு முன்னால், வாங்கப்போகும் சொத்தின் வருமானம் எவ்வளவு கடனைத் தாங்கும் என்று அவர்களோடு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்ப்பதை நான் வழக்கமாக வைத்திருக்கிறேன்.

நாணயம் எதுவானாலும் கணக்கு ஒன்றுதான். விலை 1,25,000, கைப்பணம் 25,000, மீதி 1,00,000 கடன், 9 சதவீத வட்டியில் 20 ஆண்டுகளுக்கு. மாதத் தவணை ஏறத்தாழ 900 வரும். ஆண்டு வாடகை விலையில் 6 சதவீதம், அதாவது 7,500 என்று கொள்வோம். அதில் ஒரு மாதம் வீடு காலியாகக் கிடப்பதற்கு 625-ஐயும், பராமரிப்பு, காப்பீடு, வரி ஆகியவற்றுக்கு 1,475-ஐயும் கழித்தால், கையில் நிற்பது ஆண்டுக்கு 5,400, மாதத்துக்கு 450. தவணையில் சரிபாதிதான் வாடகையிலிருந்து வருகிறது. மறுபாதியை மாதந்தோறும் சம்பளத்திலிருந்து எடுத்துக் கட்ட வேண்டும். வருமானச் சொத்துகளுக்குக் கடன் கொடுப்பவர்கள் பலர், நிகர வருமானம் தவணையைப்போல் 1.2 முதல் 1.25 மடங்காவது இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். 1.25 மடங்கு என்ற அந்த அளவுகோலை இங்கே வைத்தால், இந்தச் சொத்து தாங்கக்கூடிய கடன் ஏறத்தாழ 40,000 மட்டுமே. விலை ஏறும், விற்றால் ஈடுகட்டிவிடலாம் என்பவர்களுக்கு நான் நினைவூட்டுவது ஒன்றுதான்: விலை 10 சதவீதம் இறங்கினாலே 12,500 போய்விடும், அது நீங்கள் போட்ட கைப்பணத்தில் பாதி.

மாறும் வட்டியில் கடன் வாங்கியவர்களில் பலர் தங்கள் கடன் அறிக்கையை முழுதாகப் படிப்பதே இல்லை. 9 சதவீதத்தில் 20 ஆண்டுகளுக்கு வாங்கி, ஒரு தவணைகூடத் தவறாமல் 24 மாதங்கள் கட்டிய ஒருவர், வட்டி 10 சதவீதமான மாதத்து அறிக்கையை என் மேசையில் வைத்தார். தவணைத் தொகை மாறாததால் கவலைப்பட ஏதுமில்லை என்று நினைத்திருந்தார். மீதமுள்ள தவணைகள் என்ற கட்டத்தில் 266 என்று இருந்தது. தொடங்கும்போதே மொத்தம் 240 தவணைகள்தானே என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். வட்டி ஏறியபோது கடன் கொடுத்தவர்கள் தவணையைத் தொடாமல் காலத்தை நீட்டிவிட்டார்கள். ஒவ்வொரு 1,00,000 கடனுக்கும் மாதம் சுமார் 61 கூட்டிக் கட்டச் சம்மதித்தால் பழைய கெடுவிலேயே கடன் முடியும். மொத்தத்தில் 31,000-க்கு மேல் மிச்சமாகும். அன்றே எழுதிக் கொடுக்கச் சொன்னேன். வட்டி ஏறிய அறிவிப்பு வந்தவுடன் காலத்தை நீட்டவா, தவணையைக் கூட்டவா என்பதை நீங்களே தெரிவிப்பது நல்லது. வாங்கிய புதிதிலேயே வட்டி 11 சதவீதமாகிவிட்டால், 1,00,000 கடனுக்கு முதல் மாத வட்டியே 917 ஆகும். 900 கட்டினால் அசல் குறைவதற்குப் பதில் வளரும்.

பழைய கட்டடத்தை வாங்கிச் சீர்செய்து விற்பவர்களுக்கு இடைக்காலக் கடன் உண்டு. வட்டி கூடுதல், கெடு குறைவு, பெரும்பாலும் இறுதியில் அசலை மொத்தமாகத் திருப்ப வேண்டும். இதில் பலரைக் கவிழ்ப்பது வட்டியைவிடத் தாமதம்தான்: அனுமதி தாமதமாகும், வேலையாட்கள் வரமாட்டார்கள், வாங்க வந்தவரின் கடன் மறுக்கப்படும். நீங்கள் நினைக்கும் காலத்தைப்போல் ஒன்றரை மடங்கு காலத்துக்கு வட்டியைக் கணக்கிட்டும் லாபம் நிற்குமானால் மட்டும் இறங்குங்கள். கெடுவை நீட்டிக்க என்ன கட்டணம் என்பதைக் கையெழுத்துக்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

குடியிருக்கும் வீட்டையே ஈடாக வைத்து இரண்டாவது சொத்தை வாங்குவதை நான் ஊக்குவிப்பதில்லை. வட்டி குறைவாகக் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் வாடகைதாரர் காலி செய்துவிட்டுப் போனதற்காகச் சொந்தக் குடும்பம் வீடிழக்கும் நிலைக்கு அது வழிவகுக்கும். உறவினரோடு கூட்டாக வாங்குவதில் பணம் சேரும். ஒருவர் விலக விரும்பினால் அவர் பங்கை யார், எந்த மதிப்பீட்டில் வாங்குவது என்று எழுதி வைக்காத கூட்டு முதலீடுகளை நான் பெரும்பாலும் வழக்குகளாகவே பார்த்திருக்கிறேன்.

எந்த வழியில் கடன் வாங்கினாலும், குறைந்தது ஆறு மாதத் தவணையை உடனே எடுக்கக்கூடிய வகையில் தனியாக வையுங்கள். பத்திரப் பதிவு, பழுதுபார்ப்பு எல்லாம் முடிந்த பிறகும் அந்தத் தொகை மிஞ்சவில்லையானால், விலை குறைந்த வேறு சொத்தைப் பார்க்கலாம். கடனே வேண்டாம் என்பவர்களுக்கு, சொத்து முதலீட்டு அறக்கட்டளைகளின் (பலரின் பணத்தைத் திரட்டி வருமானம் தரும் சொத்துகளில் போடும் REIT அமைப்புகளின்) அலகுகள், அதாவது பங்குகள், பல நாடுகளின் பங்குச் சந்தைகளில் கிடைக்கின்றன. 1960-இல் அமெரிக்காவில் சட்டமாகி, பின்னர் பிற நாடுகளுக்கும் பரவிய ஏற்பாடு இது. அமெரிக்காவில் இவை வரிக்குரிய வருமானத்தில் 90 சதவீதத்தையாவது முதலீட்டாளர்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பது விதி. அலகின் விலை சந்தையோடு ஏறி இறங்கும். ஆனால் பணம் தேவைப்பட்டால் பத்து அலகுகளை மட்டும் விற்றுக்கொள்ளலாம். வீட்டில் ஓர் அறையை மட்டும் விற்க முடியாது.