வரப்பில் நண்டு வளை, மனசில் யோசனை

சம்பா நட்டு ஒரு மாதம் ஆனதும், திருவையாறு பக்கத்து எங்கள் வயலில் சித்தப்பா விடியற்காலையில் வரப்பைச் சுற்றி வருவார். நண்டு வளையில் தண்ணீர் கசிவது கண்ணில் பட்டால், குனிந்து ஒரு கை சேற்றை அள்ளி அடைப்பார். குதிகாலால் ஒரு மிதி, அப்புறம் நடை தொடரும். நண்டைத் திட்டி நான் கேட்டதில்லை. நாளைக்கும் வளை இருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

மூச்சைக் கவனித்து, மனசு ஓடினால் திட்டாமல் திருப்பிக் கொண்டுவருவது மைண்ட்ஃபுல்னஸ் தியானம். அதுவும் ஏறக்குறைய இந்த வேலைதான். ஆனால் பழக உட்கார்ந்த பலர் மூன்றாம் நாளே எழுந்துவிடுகிறார்கள். கேட்டால், "மனசு நிக்கவே மாட்டேங்குது" என்பார்கள். மனசு நிற்காதுதான். 2010-ல் ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கில்லிங்ஸ்வொர்த்தும் கில்பர்ட்டும் 2,250 பேரிடம் செல்போன் வழியே அவ்வப்போது கேட்டுப் பார்த்தார்கள்: இப்போது உங்கள் மனசு எங்கே இருக்கிறது? சுமார் 47 சதவீதத் தடவை அது செய்கிற வேலையில் இல்லை.

வேலை இல்லாதபோது மூளை ஓய்ந்துவிடுவதில்லை. அதன் சில பகுதிகள் ஒன்றுசேர்ந்து நேற்றையும் நாளையையும் அசைபோடுகின்றன. இந்தக் கூட்டத்துக்கு 'டிஃபால்ட் மோட் நெட்வொர்க்' என்று பெயர். மேட்டூரில் எத்தனை அடி தண்ணீர், கடைமடைக்கு வந்து சேருமா, நகைக்கடன் தவணை என்றைக்கு, எல்லாம் அங்கேதான் ஓடுகிறது.

2012-ல் அமெரிக்காவின் எமோரி பல்கலைக்கழகத்தில் வெண்டி ஹாசன்கேம்ப் குழுவினர், தியானத்தில் பழகிய 14 பேரை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்தார்கள். மூச்சைக் கவனிக்க வேண்டும். மனசு ஓடிவிட்டது என்று தெரிந்த நொடியில் பட்டனை அழுத்த வேண்டும். ஓடும்போது டிஃபால்ட் பகுதிகள் விழித்திருந்தன. 'அடடா, ஓடிட்டோமே' என்று உணரும் நொடியில் வேறொரு பகுதிக் கூட்டம் எழுந்தது. மூச்சுக்குத் திரும்பும்போது நெற்றிப்பக்கத்துக் கட்டுப்பாட்டுப் பகுதிகள் வேலை செய்தன. ஓட்டம், உணர்வு, திருப்பம், நிலைப்பு, மறுபடி ஓட்டம். பயிற்சி என்பது இந்தச் சுற்று முழுவதும்தான். பத்து நிமிடத்தில் முப்பது தடவை ஓடி, முப்பது தடவை திரும்பினீர்களா? நல்ல பயிற்சி என்பேன்.

மனசு பிடித்துக்கொள்ள மூச்சு எதற்கு? அது எப்போதும் கூடவே இருக்கிறது. மணிக்கட்டில் நாடி பிடித்து மெதுவாக மூச்சு விட்டுப் பாருங்கள். உள்ளே இழுக்கும்போது நாடி சற்று விரையும், வெளியே விடும்போது நிதானிக்கும். இதயத்துக்குக் கடிவாளம் போடும் வேகஸ் நரம்பின் வேலை அது.

1979-ல் மாசசூசெட்ஸ் மருத்துவக் கல்லூரியில் ஜான் கபாட்-ஸின் என்பவர் இந்தத் தியானத்தை ஒரு பயிற்சித் திட்டமாக்கினார். வேர் பௌத்தத்தில் இருக்கிறது. சோழர் காலத்தில் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடம் நின்ற நமக்கு அது அந்நியச் சரக்கு அல்ல.

சரி, தொடர்வது எப்படி? ஏற்கெனவே இருக்கும் பழக்கத்தோடு முடிச்சுப் போட்டுவிடுங்கள். காலைக் காபி குடித்து டபராவைக் கீழே வைத்த கையோடு, திண்ணையில் ஐந்து நிமிடம். லண்டனில் 96 பேரை வைத்து பிலிப்பா லாலி குழுவினர் நடத்திய ஆய்வில், ஒரு பழக்கம் தானாக நடக்கச் சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18, சிலருக்கு 254. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனது பெரிதாகப் பாதிக்கவில்லை.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். கடும் மனச்சோர்வோ பழைய அதிர்ச்சியோ உள்ளவர்களுக்குத் தனியாகக் கண்மூடி உட்காருவது சில நேரம் பதற்றத்தைக் கூட்டும். அவர்கள் மனநல மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்கட்டும். உட்கார்ந்த பிறகும் பதறினால் கண்ணைத் திறந்து, பாதத்தில் படும் தரையின் குளிர்ச்சியைக் கவனித்தால் போதும்.