ஆர்கெஸ்ட்ரா என்னும் ஆகுபெயர்

ஆர்கெஸ்ட்ராவுக்குச் சரியான தமிழ்ச்சொல் பல்லியமா, சேர்ந்திசைக் குழுவா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அதைச் சொல்வதற்கு முன், அந்தச் சொல் எப்படி இசைக்குழுவின் பெயராயிற்று என்று பார்க்க வேண்டும். ஏனெனில், அது பிறந்தபோது எந்த வாத்தியத்தையும் குறிக்கவில்லை.

கிரேக்கத்தில் 'ஓர்கெய்ஸ்தாய்' என்றால் ஆடுதல். 'ஓர்கேஸ்ட்ரா' என்றால் ஆடும் இடம். கிரீஸிலுள்ள பழைய எபிடாரஸ் அரங்கில் இன்றும் காணக் கிடைக்கும், ஏறத்தாழ 20 மீட்டர் விட்டமுள்ள வட்டத்தரை அப்படிப்பட்ட இடம்தான். ரோமானியர் அதை அரைவட்டமாக்கிச் செனட் உறுப்பினர்களை அமர்த்தினார்கள். பின்னர் இத்தாலிய இசைநாடக அரங்குகளில் மேடைக்கு முன்புறம் வாத்தியக்காரர்கள் உட்கார, இடத்தின் பெயர் ஆட்களுக்கு ஆகிவந்தது.

பள்ளியில் நாம் படித்த இடவாகுபெயர் இதுவே. ஒன்றன் பெயரால் 'அதற்கியை பிறிதைத் தொன்முறை உரைப்பன' ஆகுபெயர் என்கிறது நன்னூல். இந்த ஒரு வரியில் இரண்டு நிபந்தனைகள் இருக்கின்றன. முதலாவது இயைபு, அதாவது தொடர்பு. கல்யாண வீட்டில் பந்தி விசாரிப்பவர் "மேளம் சாப்பிட்டாச்சா?" என்று கேட்டால் யாரும் திகைப்பதில்லை, தோற்கருவி சாப்பிடாது என்பதால், 'சாப்பிட்டாச்சா' என்ற வினையே கேட்பவரின் மனத்தைக் கருவியிலிருந்து அதை வாசிப்பவரிடம் கொண்டு சேர்த்துவிடுகிறது. 'ஆர்கெஸ்ட்ரா வாசித்தது' என்று முதலில் கேட்டவருக்கும் இதுதான் நேர்ந்திருக்க வேண்டும். இரண்டாவது தொன்முறை, அதாவது வழக்கு. பலமுறை சொல்லிப் பழகியபின் மனம் பழைய பொருளைத் தொடாமலேயே புதியதற்குப் போய்விடும். இரண்டு பொருளும் அருகருகே உயிரோடு இருந்த காலத்தை தத்துவ அறிஞர் ரூசோவின் பிரெஞ்சு இசை அகராதியில் (1768) பார்க்கலாம். வாசிப்பவர்கள் அமரும் இடம், வாசிப்பவர்களின் தொகுதி என இரண்டையும் ஒரே பதிவில் அவர் தருகிறார். பிரெஞ்சு அரங்குகளில் இன்றும் அச்சொல் தரைத்தள இருக்கைகளையும் குறிக்கிறது. நம் ஊரிலோ அது கோவில் திருவிழாவின் மெல்லிசைக் கச்சேரியாகிவிட்டது.

ஒலி ஒத்திருப்பதை மட்டும் வைத்துக்கொண்டு எச்சொல்லுக்கும் வேர் காட்டும் பழக்கம் நம்மிடையே பெருகிவருவது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. பொருள் எந்த வழியாக நகர்ந்தது என்று காட்டாத சொல்லாராய்ச்சி, ராசிபலனுக்கு மேலானதன்று.

மற்ற மொழிகள் வேறு வழிகளில் சென்றன. சீன, ஜப்பானியச் சொற்கள் குழலையும் நரம்பையும் சேர்த்துப் பெயரிட்டன. ஜாவாவின் இசைக்குழுவான 'கமலான்' தட்டுதல் என்ற செயலிலிருந்து வந்தது. தமிழ் எண்ணிக்கையைப் பிடித்தது: இயம் என்றால் வாத்தியம், பல இயங்கள் சேர்ந்தால் பல்லியம். திருமுருகாற்றுப்படையில் 'அந்தரப் பல்லியம்' ஒலிக்கிறது. ஆகவே வாசகருக்கு என் விடை பல்லியம் என்பதே. சங்கப் புலவர் ஒருவரின் பெயரிலேயே அச்சொல் இருக்கிறது: நெடும்பல்லியத்தனார். புறநானூற்றின் 64ஆம் பாட்டில் யாழையும், ஆகுளி, பதலை என்னும் தோற்கருவிகளையும் கட்டிக்கொண்டு பாண்டிய மன்னன் முதுகுடுமியைக் காணப் போவோமா என்று அவர் ஆடல் மகளான விறலியை அழைக்கிறார்.