கடைசிக் குறியை விழுங்காதீர்கள்

அரபி இலக்கணம் படிக்க வருகிறவர்கள் இப்போதெல்லாம் ஒரு வாதத்தோடுதான் வருகிறார்கள். "சொல்லின் கடைசியில் சுகூன் (உயிரொலி இல்லை என்று காட்டும் குறி) போட்டு நிறுத்திவிட்டால் போதும் உஸ்தாத், அரபிகளே 'சக்கின் தஸ்லம்' என்கிறார்களே!" போன வாரம் வந்தவர் ஒரு நோட்டு நிறையச் சொற்களை மனப்பாடம் செய்திருந்தார். ஒரு வரியைக் காட்டி, அடித்தது யார், அடிவாங்கியது யார் என்று கேட்டேன். தெரியவில்லை.

'சக்கின் தஸ்லம்', அதாவது 'நிறுத்திவிடு, தப்பித்துக்கொள்வாய்' என்பது இலக்கணம் தெரிந்தவர் மேடையில் வாய் தவறாமலிருக்கப் பிடிக்கும் உபாயம். புதிதாகப் படிப்பவருக்கு அது பாடம் ஆகாது.

தமிழில் சொற்களை எப்படி இடம் மாற்றினாலும் 'ஐ' உருபு காட்டிக்கொடுத்துவிடும். எழுத்து அரபியில் அந்த வேலையைச் செய்வது கடைசி எழுத்தின் ஜபர், அதாவது 'அ' ஒலிக் குறி. செய்தவனுக்கு வருவது பேஷ், 'உ' ஒலிக் குறி. 'ளரப ஸைதுன் அம்ரன்' என்றால் அடித்தவன் ஸைத். 'ளரப ஸைதன் அம்ருன்' என்றால் அடித்தவன் அம்ர். வரிசை மாறவே இல்லை, பேஷும் ஜபரும்தான் இடம் மாறின.

வளைகுடாவில் யாரும் இப்படிப் பேசுவதில்லையே என்பார்கள். உண்மைதான், பேச்சு அரபி இந்தக் குறிகளை விட்டுவிட்டது. வேலைக்குப் போகிறவருக்கு அது போதும். குர்ஆனைப் புரிந்து ஓத வந்தவருக்குப் போதாது. 35:28 வசனத்தைப் பாருங்கள்: 'இன்னமா யக்‌ஷல்லாஹ மின் இபாதிஹில் உலமாஉ'. அல்லாஹ்வுக்கு ஜபர், உலமாவுக்கு பேஷ். அடியார்களில் அறிஞர்களே அல்லாஹ்வை அஞ்சுகிறார்கள். இரண்டு குறிகளையும் மாற்றினால் யார் யாரை அஞ்சுவதாக ஆகும்? நினைக்கவே பதறுகிறது.

சரி, நிறுத்தியே படிப்பேன் என்றாலும் தப்ப முடியாது. அபூதாலிபின் மகனை 'அலீ இப்னு அபீதாலிப்' என்கிறோமே, 'அபூ' ஏன் 'அபீ' ஆனது? இன்னாருடைய மகன் என்ற உறவில் வந்ததால். அங்கே எங்கே சுகூன் போடுவீர்கள்? 'முஸ்லிம்கள்' என்பது எழுவாயாக வந்தால் முஸ்லிமூன், மற்ற இடங்களில் முஸ்லிமீன் என்று ஆகிற கதையும் இதுதான்.

முதல் வருடம் குறியிடாத புத்தகத்தைத் தொடாதீர்கள். நோட்டில் அரபியைத் தமிழ் எழுத்தில் எழுதாதீர்கள். 'கல்ப்' என்று எழுதினால் இதயமா நாயா என்று உங்களுக்கே தெரியாது. சொல்லைத் தனியாக உருப்போடாமல் சின்ன வாக்கியமாக, கடைசிக் குறியோடு, சத்தமாகச் சொல்லுங்கள். 'ஃபில் பைத்தி' (வீட்டில்) என்றால் ஏன் அங்கே ஜேர், அதாவது 'இ' ஒலிக் குறி, என்று உஸ்தாதிடம் கேளுங்கள். அவர் 'அப்புறம் பார்க்கலாம்' என்றாலும், தயவுசெய்து, விடாமல் கேளுங்கள்.